யாரும் தொடாத ஒளிக்கிணறு: குணப்படுத்துபவரின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

கணினி விளையாட்டு என்றதும் நம் சிறுபத்திரிகைச் சூழலில் இரண்டே பேச்சுகள்தாம் எழும். ஒன்று, வன்முறை பற்றியது. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்கிற பேச்சு. மற்றது, முதலாளியம் நம் ஓய்வு நேரத்தையும் விழுங்கிவிட்டது என்கிற பேச்சு. இரண்டிலும் உண்மை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டுமே ஒரு ஆளைக் கண்டுகொள்வதில்லை. பலர் ஒரே நேரத்தில் இணையத்தில் கூடி ஆடும் பாத்திரமேற்பு ஆட்டங்களில், வெட்டுகிறவர்களுக்கும் எரிக்கிறவர்களுக்கும் பின்னால், அடிபட்டவர்களைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். ஆட்டக்காரர்கள் அவரை 'ஹீலர்' என்கிறார்கள். மேசையில் தாள் வைத்து ஆடிய காலத்தையும் சேர்த்துக்கொண்டால் அவருக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது.

அந்த ஆளின் கையிலிருந்த ஒரு குறிப்பிட்ட வித்தையைப் பற்றித்தான் இக்கட்டுரை. 2004 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தில், 2006இல் 'பிரீஸ்ட்' என்ற பாத்திர வகைக்கு 'லைட்வெல்' என்றொரு ஆற்றல் கொடுக்கப்பட்டது. ஒளிக்கிணறு என்று தமிழில் சொல்லிக்கொள்வோம். மற்ற குணப்படுத்தும் மந்திரங்களெல்லாம் எப்படியென்றால், ஹீலர் அடிபட்டவரைக் குறிவைத்து மந்திரத்தைப் போடுவார். அடிபட்டவருக்கு உயிர் ஏறும். வாங்குகிறவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒளிக்கிணறு அப்படிக் கிடையாது. பிரீஸ்ட் ஒரு கிணற்றைத் தரையில் நிறுவிவிட்டு நகர்ந்துவிடுவார். குழுவிலுள்ளவர்கள் தாங்களே அதனருகே வந்து, அதைக் கிளிக் செய்து, உயிரை எடுத்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் ஐந்து முறை எடுக்கலாம். மூன்று நிமிடத்தில் கிணறு மறைந்துவிடும். எடுத்துக்கொண்ட உயிர் ஒரேயடியாக வராது, பத்து விநாடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நடுவில் ஒரு அடி விழுந்தால் போச்சு.

அந்தப் பாதையில் கடைசியாகக் கிடைக்கும் உச்சத் திறன் இது. இதை அடைய ஒரு பிரீஸ்ட் வேறு பலவற்றைத் துறக்க வேண்டும். அப்படித் துறந்து பெற்று, கிணற்றை நட்டு வைத்தால், யாரும் வரமாட்டார்கள். 'கிணத்தைக் கிளிக் பண்ணுங்கப்பா' என்று பிரீஸ்ட்கள் கத்திக் கத்திப் பார்த்ததும், கிணறு தொடப்படாமலேயே மறைந்ததும் அந்த ஆட்டத்தின் நீடித்த நகைச்சுவைகளில் ஒன்றாகிப்போனது.

தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு இதிலெல்லாம் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஆட்ட விதியும் ஒரு பிரதிதான் என்பது என் பதில். யார் யாரைச் சார்ந்திருக்க வேண்டும், யாருடைய உழைப்பு எண்ணப்பட வேண்டும், யாருடையது எண்ணப்படாமல் போகலாம் என்பதையெல்லாம் அது எழுதி வைக்கிறது. அந்த நகைச்சுவைக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

2

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் முதல் விதிநூலில் மூன்றே பாத்திர வகைகள். சண்டைக்காரன், மந்திரவாதி, கிளெரிக் என்னும் மதகுரு. இன்றைய ஹீலர்கள் அனைவரும் இந்த மதகுருவின் வழிவந்தவர்கள். ஆனால் மதகுரு குணப்படுத்தப் பிறந்தவரல்ல என்பது கவனத்திற்குரியது. ஆர்னசனின் குழுவில் ஒருவர் இரத்தக் காட்டேரியாக ஆடி மற்றவர்களைத் துவம்சம் செய்துகொண்டிருக்க, அவரை எதிர்கொள்ளக் காட்டேரி வேட்டைக்காரர் ஒருவர் தேவைப்பட்டார். பிரிட்டிஷ் திகில் படங்களில் சிலுவையோடு வந்த வேட்டைக்காரரின் சாயலில் மதகுரு உருவானார். முதல் விதிநூலின்படி முதல் நிலையில் அவருக்கு மந்திரமே கிடையாது. இரண்டாம் நிலையில்தான் சிறு காயத்தை ஆற்றும் வித்தை கைக்கு வரும்.

இந்த மதகுருவுக்கு ஒரு தடை உண்டு. கூர்முனை ஆயுதம் ஏந்தக் கூடாது. தடி, சம்மட்டி போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரத்தம் சிந்தலாகாது என்ற இடைக்காலத் திருச்சபை மரபின் எதிரொலி இது. இங்கே வரலாறு வேடிக்கையாகத் திரும்பிக்கொள்கிறது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கத்தின் 18ஆம் விதி, குருமார் மரண தண்டனை விதிக்கவோ நிறைவேற்றவோ கூடாது என்றதோடு, அறுத்தலும் சுடுதலும் அடங்கிய அறுவைச் சிகிச்சையையும் அவர்கள் செய்யக் கூடாது என்றது. இரத்தத்தைத் தொடும் வைத்தியம் நாவிதர்-அறுவையர் கைக்குப் போனதற்குப் பின்னால் இந்த மனப்பான்மையும் இருந்தது. ஆக, எந்தத் தீட்டுணர்வு குருவை வாளிலிருந்து விலக்கியதோ அதுவே காயத்திலிருந்தும் விலக்கியது. ஆட்ட விதி முதல் பாதியை வைத்துக்கொண்டது, இரண்டாம் பாதியை மறந்துவிட்டது. காயத்தைத் தொடாமல், கத்தியைத் தொடாமல், சொல்லால் மட்டும் ஆற்றுகிற ஒருவர் இப்படித்தான் கிடைத்தார்.

அடுத்த ஆண்டே, 1975இல், 'கிரேஹாக்' துணைநூலில் 'பாலடின்' என்னும் புனித வீரன் வருகிறான். அவன் கைவைத்துக் குணமாக்குவான். இந்தக் கைக்கும் வரலாறு உண்டு. மார்க் பிளாக் 1924இல் வெளியிட்ட நூலில் பிரெஞ்சு, ஆங்கிலேய அரசர்கள் கழுத்துக் கழலை நோயாளிகளைத் தொட்டுக் குணப்படுத்துவதாக நம்பப்பட்ட சடங்கை ஆராய்ந்தார். இங்கிலாந்தில் 1714இல் இறந்த ஆன் அரசியோடு அது முடிந்தது. பிரான்சில் பத்தாம் சார்ல் 1825இல் கடைசியாகத் தொட்டுப் பார்த்தார். அங்கே தொடுகை என்பது இறையாண்மையின் முத்திரை. தொடுகிறவன் மேலே, தொடப்படுகிறவன் கீழே. வரிசையில் வந்து நிற்பது நோயாளியின் வேலை.

ஆட்டத்துக்குள் நுழைந்ததும் இந்த உறவு தலைகீழாகிவிட்டது. அரசன் தொட்டால் அது அருள். ஹீலர் தொட்டால் அது சேவை. நோயாளி வரிசையில் நிற்பதில்லை, ஹீலர்தான் நோயாளிகளின் பின்னால் ஓடுகிறார். ஃபூக்கோ 1977-78 விரிவுரைகளில் பேசிய மேய்ப்பு அதிகாரத்தை இங்கே பொருத்திப் பார்க்கலாம். மேய்ப்பர் ஒவ்வொரு ஆட்டையும் தனித்தனியே கவனிக்கிறார், அந்தக் கவனிப்பின் வழியே ஆளுகிறார். ஹீலருக்குக் கவனிப்பு மட்டும் மிச்சமிருக்கிறது, ஆளுகை போய்விட்டது. அதிகாரமில்லாத மேய்ப்பர் என்பவர் கடைசியில் கூலியாள்தானே?

3

அந்தக் கூலியாளுக்குக் கணக்குப் புத்தகமும் ஒன்று கொடுக்கப்பட்டது. அதன் பெயர் 'மனா'. மந்திரம் போடப் போடத் திரையில் ஒரு நீலப் பட்டை குறைந்துகொண்டே வரும், தீர்ந்தால் மந்திரமில்லை.

மனா பசிபிக் தீவுகளின் சொல். கிறித்தவ ஊழியரான காட்ரிங்டன் 1891இல் மெலனீசியர்கள் குறித்து எழுதிய நூலின் வழியாக அது ஐரோப்பிய மானுடவியலுக்குள் வந்தது. மார்செல் மோஸ், ஊபருடன் சேர்ந்து எழுதிய மந்திரக் கோட்பாட்டின் மையத்தில் அதை வைத்தார். லெவி-ஸ்த்ரோஸ் 1950இல் மோஸுக்கு எழுதிய முன்னுரையில் அதை எந்தப் பொருளையும் ஏற்கத் தயாராக மிதக்கும் குறிப்பானாக வாசித்தார். இவ்வளவு பெரிய சங்கதி, அறிவியல் புனைகதையாளர் லாரி நிவன் 1969இல் எழுதிய ஒரு சிறுகதையில், எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் இயற்கை வளமாக, கிட்டத்தட்ட எண்ணெய் போல, மாறியது. பிறகு ஆட்டங்கள் அதைத் தனியாளின் கையிருப்பாகச் சுருக்கின. உறவுகளில் உலவிய ஒன்று நீலப் பட்டையில் போய் அடைபட்டது.

இது சொற்பொருள் மாற்றம் பற்றிய சுவையான தகவல் மட்டுமில்லை. மனாவைத் தனியாளின் இருப்பாக மாற்றியவுடன் கவனிப்பு என்பது செலவாகிவிடுகிறது. ஒருவரைக் காப்பாற்றினால் இன்னொருவருக்கு இல்லை. யாரைச் சாகவிடலாம் என்று ஹீலர் கணக்குப் போட வேண்டும். முன்வரிசையில் நின்று அரக்கனின் அடியைத் தாங்குகிற 'டேங்க்' செத்தால் எல்லோரும் சாவார்கள், ஆகவே அவருக்கு முன்னுரிமை. தாக்குகிறவர்களில் ஒருவர் போனால் பரவாயில்லை. ஹீலர் தானே செத்தால்? அதுவும் எல்லோருக்கும் ஆபத்து. ஆனால் தன்னைக் காத்துக்கொள்ளும் ஹீலரைச் சுயநலக்காரர் என்று திட்டவும் ஆளிருக்கும்.

4

மேசையாட்டத்திலிருந்து இணையத்துக்கு வந்த பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்', எழுத்தால் மட்டுமே ஆன பல்லாட்டக்காரர் உலகம். 1990-91இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய 'டிக்குமட்', டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பாத்திர வகைகளை அந்த எழுத்துலகத்துக்குள் கொண்டுவந்தது. அதில் கிளெரிக்கும் உண்டு. 1999 மார்ச்சில் வந்த 'எவர்க்வெஸ்ட்' அதே ஒழுங்குமுறைக்கு முப்பரிமாண உடல் கொடுத்தது. டேங்க், ஹீலர், தாக்குபவர் என்ற மூவர் அமைப்பை ஆட்டக்காரர்கள் கிறித்தவக் கடவுட்கோட்பாட்டிலிருந்து பெயரெடுத்துப் புனித மும்மை என்று அழைத்தார்கள்.

எவர்க்வெஸ்டில் கிளெரிக்கின் உழைப்பு எப்படியிருந்தது என்பதைச் சொன்னால்தான் பின்னால் வந்த கிணறு விளங்கும். மனாவை மீட்க கிளெரிக் உட்கார்ந்து தியானிக்க வேண்டும். தொடக்கக் காலத்தில், 35ஆம் நிலை வரும்வரை, தியானிக்கும்போது மந்திரப் புத்தகம் விரிந்து திரையை மறைத்துக்கொள்ளும். சுற்றிலும் உலகம், காடு, கோட்டை, கடல் எல்லாம் இருக்கிறது. கிளெரிக்கின் கண்ணுக்குப் புத்தகத்தின் பக்கம் மட்டும்தான். சமையலறைச் சுவரைப் பார்த்தபடி விருந்து நடத்துகிறவர்களுக்கு இது புரியும்.

39ஆம் நிலையில் 'கம்ப்ளீட் ஹீல்' வரும். ஒரே போடில் டேங்கின் உயிரை ஏறக்குறைய முழுதாக நிரப்பும் மந்திரம். ஆனால் போட்டு முடிக்கப் பத்து விநாடி பிடிக்கும். பெரிய அரக்கன் பத்து விநாடியில் டேங்கை இரண்டு முறை கொன்றுவிடுவான். என்ன செய்வது? ஆட்டக்காரர்களே ஒரு வழி கண்டார்கள். பல கிளெரிக்குகள் வரிசையாக எண் போட்டுக்கொண்டார்கள். முதலாமவர் தொடங்கிச் சில விநாடிகளில் இரண்டாமவர் தொடங்க வேண்டும், பிறகு மூன்றாமவர், கடைசி ஆள் முடித்ததும் மறுபடி முதலாமவர். இப்படி ஓடினால் சில விநாடிக்கொரு முறை டேங்குக்கு முழு உயிர் வந்து விழும். ஒருவர் அசந்தால், தும்மினால், இணைப்பு அறுந்தால் சங்கிலி அறுந்து டேங்க் சாவார், கூடவே எல்லோரும்.

இதைத் தயாரிப்பாளர்கள் விதியில் எழுதவில்லை. உழைக்கிறவர்கள் தங்களுக்குள் கண்டுபிடித்துக்கொண்ட ஒழுங்கு இது. தொழிற்சாலையின் உற்பத்தித் தொடரைத் தொழிலாளர்களே வடிவமைத்து அதில் தங்களைக் கட்டிக்கொண்டது போலவும் இது தெரிகிறது; நாற்று நடும் பெண்கள் ஒரே தாளத்தில் கையசைப்பது போலவும் தெரிகிறது. இரண்டும் உண்மைதான். கூட்டுழைப்பின் இன்பமும் சலிப்பும் பிரித்தெடுக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. அந்தச் சங்கிலியில் ஒவ்வொரு ஹீலரும் மற்ற ஹீலர்களைச் சார்ந்திருந்தார். ஆனால் உயிரை வாங்கிக்கொள்கிற டேங்க் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. நின்றால் போதும். சார்பு முழுவதும் கொடுக்கிறவர்கள் பக்கம்.

5

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இதே ஒழுங்கைச் செம்மைப்படுத்திக் கோடிக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களுக்கு விற்றது. 2010 அக்டோபரில் அதன் சந்தா 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டது. தொடக்க ஆண்டுகளில் பெரும்போருக்கு 40 பேர் கூட வேண்டும். ஹீலரின் திரையில் நாற்பது சிறு பட்டைகள். எது குறைகிறதோ அதைச் சொடுக்கி நிரப்ப வேண்டும். டிராகனைப் பார்க்க நேரமில்லை. போர் முடிந்தபின் 'எப்படியிருந்தது அந்த டிராகன்' என்று கேட்டால் பல ஹீலர்களுக்குச் சொல்லத் தெரியாது. புத்தகப் பக்கம் போய்ப் பட்டைகள் வந்தன, அவ்வளவுதான்.

அப்புறம் அளவுமானிகள் வந்தன. யார் எவ்வளவு அடித்தார்கள், எவ்வளவு குணப்படுத்தினார்கள் என்று வரிசைப்படுத்திக் காட்டும் துணைநிரல்கள். இவற்றில் 'ஓவர்ஹீலிங்' என்றொரு பத்தி உண்டு. ஏற்கெனவே நிரம்பியவர் மீது கொட்டிய உயிர், அதாவது விரயம். தாக்குபவர் அடித்த அடியெல்லாம் வரவு. ஹீலர் கொடுத்ததில் ஒரு பகுதி மட்டும் செல்லும், மீதி வீண் என்று கணக்கு. முன்யோசனையோடு, அடி விழப்போகிறது என்று தெரிந்து, சற்று முன்னதாகவே கொடுப்பவர் இந்தக் கணக்கில் விரயக்காரர். ஊற்றிவைத்த தண்ணீர் குடிக்கப்படாமல் இருந்தால் ஊற்றியவர் மேல் குற்றம்!

இந்தச் சூழலில்தான் ஒளிக்கிணறு நடப்படுகிறது. அதன் தர்க்கம் எவ்வளவு வித்தியாசமானது என்பதை இப்போது பாருங்கள். இதுவரை சார்பு ஒருவழிப் பாதை. கிணறு முதல்முறையாக, வாங்குகிறவரிடமும் ஒரு செயலைக் கேட்டது. உன் காயத்தை நீ கவனி, அருகே வா, கை நீட்டு. நோயாளியைப் பட்டையிலிருந்து மறுபடி ஆளாக்கியது என்றுகூடச் சொல்லலாம்.

ஏன் யாரும் வரவில்லை? சோம்பல், சுயநலம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பிரீஸ்ட்கள் அப்படித்தான் திட்டினார்கள். ஆனால் தாக்குபவரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். கிணற்றுக்கு நகர்ந்தால், கிளிக் செய்தால், அந்த விநாடிகளில் அவருடைய அடி நின்றுபோகும். அளவுமானியில் இறங்குவார். குழுவில் இடம் போகலாம். அவர் நகராமல் நின்றால் யாரோ ஒரு ஹீலர் எப்படியும் அவரை நிரப்பிவிடுவார்; செத்தாலும் பழி ஹீலர் மேல்தான் விழும். கிணற்றடிக்குப் போய் நலம் பெறுவதற்கான நேரம் எந்தப் பத்தியிலும் வரவு வைக்கப்படவில்லை. ஆலையில் காயம்பட்டவர் மருத்துவமனைக்குப் போகும் நாளுக்குக் கூலி பிடித்தால் அவர் போவாரா?

இன்னொரு காரணமும் உண்டு. மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய கட்டுரையில் மூன்று கடமைகளைச் சொன்னார்: கொடுத்தல், பெறுதல், திருப்பித் தருதல். நாம் பெரும்பாலும் முதலாவதையும் மூன்றாவதையும்தான் பேசுகிறோம். பெறுதலும் ஒரு செயல், அதற்கும் பணிவு வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். சாதாரண மந்திரத்தில் பெறுதல் கண்ணுக்குத் தெரியாது. உயிர் தானாக ஏறுகிறது. நன்றாகத்தான் ஆடுகிறோம் என்று நினைத்துக்கொள்ளலாம். கிணற்றடியில் அது தெரிந்துவிடும். எனக்கு அடிபட்டிருக்கிறது, எனக்கு வேண்டும் என்று நாற்பது பேர் முன்னால் ஒத்துக்கொள்வதாகிவிடும். வீரன் என்கிற கட்டமைப்புக்கு அது ஆகாது.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். உன் நலனை நீயே கவனித்துக்கொள் என்பதுதானே இன்றைய நவதாராளவாதத்தின் மந்திரம், கிணறும் அதைத்தானே சொல்கிறது என்று ஒரு தோழர் கேட்கலாம். நான் அப்படி வாசிக்கவில்லை. 'நீயே கவனித்துக்கொள்' என்கிற கொள்கை, கிணற்றை மூடிவிட்டு ஆளுக்கொரு புட்டி விற்கும். ஒளிக்கிணறு ஒருவர் எல்லோருக்குமாக நட்ட பொதுவள‌ம். அதைப் பயன்படுத்த எல்லோரும் கொஞ்சம் நகர வேண்டும், அவ்வளவே. பொதுவளத்தை உண்டாக்கிவிட்டு, அதை நாடி வருவதற்கான நேரத்தை உண்டாக்காமல் விட்டதுதான் கோளாறு.

தயாரிப்பாளர்கள் இதைத் தொழில்நுட்பச் சிக்கலாக எடுத்துக்கொண்டார்கள். எடுக்கும் முறைகளைக் கூட்டினார்கள். ஒரு சிறு அடிக்கெல்லாம் ரத்தாகாது, குறிப்பிட்ட அளவுக்கு மேல் அடிபட்டால்தான் ரத்து என்றார்கள். எதுவும் எடுபடவில்லை. 2014 வாக்கில் கிணறு தானாகவே அடிபட்டவரைக் கண்டு உயிரை அனுப்பத் தொடங்கிவிட்டது. கிளிக் வேண்டாம், யாரும் நகர வேண்டாம். சிக்கல் தீர்ந்தது, அந்தக் கேள்வியும் அதோடு போயிற்று.

6

சார்பு எப்போதும் நன்மையே செய்யும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2005 செப்டம்பர் 13 அன்று அதே ஆட்டத்தில் 'ஸுல்குருப்' என்ற புதிய களம் திறக்கப்பட்டது. அங்கே 'ஹக்கார்' என்ற பாம்புத் தெய்வம் தன்னை எதிர்ப்பவர்கள் மேல் ஒரு தொற்றை ஏவும். அருகிலிருப்பவருக்குப் பரவி உயிரைக் குடிக்கும் அது, களத்துக்குள்ளேயே முடிந்துவிட வேண்டியது. வேட்டைக்காரர்களின் வளர்ப்பு விலங்குகள் வழியாக அது நகரங்களுக்குள் வந்துவிட்டது. கணினியே இயக்கும் கடைக்காரர்கள் சாகாமல் தொற்றைச் சுமந்து நின்றார்கள். தெருவெல்லாம் எலும்புக்கூடு. கடைசியில் நிறுவனம் வழங்கிகளை மீட்டமைத்துத்தான் கதையை முடித்தது.

எரிக் லாஃப்கிரென், நினா ஃபெஃபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் 'லான்செட் இன்ஃபெக்‌ஷஸ் டிசீசஸ்' இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் மனிதர் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு இது தடயம் தருகிறது என்றார்கள். பார்க்கப் போனவர்கள், ஓடியவர்கள், வேண்டுமென்றே பரப்பியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஹீலர்கள் பலர் யாரும் கேட்காமலே உதவ ஓடிவந்தார்கள். அவர்கள் நோயைப் போக்க முடியாமல் உயிரை மட்டும் நிரப்பிக்கொண்டிருந்ததால், சீக்கிரம் செத்துத் தொற்றை முடித்திருக்க வேண்டியவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் நடமாடிப் பரப்பினார்கள். 2020க்குப் பிறகு இதைப் படிக்கிற யாருக்கும் தொண்டை அடைக்கும். நல்ல மனம் மட்டும் போதாது. ஒழுங்கமைப்பு இல்லாத கருணை, தான் காக்க வந்தவர்களுக்கே கேடாகலாம்.

7

ஹீலர் யார் என்ற கேள்வி பால் அரசியலைத் தொடாமல் முடியாது. ஹீலராக ஆடுகிறவர்கள் பெண்கள், அது அவர்கள் 'இயல்பு' என்பது ஆட்ட உலகின் பொதுப்புத்தி. நிக் யீயும் அவருடைய சக ஆய்வாளர்களும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டக்காரர்களின் நடத்தைத் தரவுகளைக் கொண்டு 2011இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். யீ 2014இல் எழுதிய நூலிலும் அது பேசப்படுகிறது. ஆண்கள் பெண் பாத்திரத்தை எடுத்து ஆடும்போது குணப்படுத்துவதில் கூடுதல் நேரம் செலவிடுகிறார்கள்; பெண்கள் ஆண் பாத்திரத்தை எடுத்தால் குறைவாகச் செலவிடுகிறார்கள். உடலைவிட உடுப்புதான் இங்கே வேலை செய்கிறது. பெண்ணுடலை அணிந்தவுடன் கவனிக்கும் கடமையும் சேர்ந்து வந்து ஒட்டிக்கொள்கிறது.

1972இல் இத்தாலியில் மரியரோசா தல்லா கோஸ்தா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிச்சி முதலானோர் வீட்டுவேலைக்குக் கூலி கேட்டுப் போராடத் தொடங்கியபோது அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: அன்பு என்று பெயரிட்டதால் அது உழைப்பு இல்லாமல் போய்விடாது. ஹீலரின் வேலை மறு உற்பத்தி உழைப்பின் துல்லியமான படம். அது நடக்கும்போது தெரியாது, நடக்காதபோது மட்டும் தெரியும். எல்லோரும் பிழைத்தால் தாக்குபவர்கள் வென்றார்கள்; ஒருவர் செத்தால் ஹீலர் எங்கே போனான்?

8

இந்தப் படிநிலையை ஒழித்தே தீருவோம் என்று கிளம்பிய ஆட்டமும் உண்டு. 2012 ஆகஸ்ட்டில் அரீனாநெட் வெளியிட்ட 'கில்ட் வார்ஸ் 2', ஹீலருக்கென்று தனிப் பாத்திரமே கிடையாது என்றது. ஒவ்வொருவரிடமும் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் திறன் ஒன்று கட்டாயமாக இருக்கும். விழுந்தவரை யார் வேண்டுமானாலும் தூக்கிவிடலாம். பார்க்கச் சமத்துவம்தான். விழுந்தவரை எவரும் தூக்கலாம் என்ற விதி இன்றும் எனக்கு உவப்பானது. ஆனால் அடிப்படை அலகு தனியாள் ஆகிவிட்டார். உன் காயம் உன் பாடு. நான் முன்னே சொன்ன புட்டி விற்பனை இங்கேதான் நடக்கிறது. 2015 அக்டோபரில் விரிவாக்கம் வந்தபோது, பெருங்குழுப் போர்களோடு 'ட்ரூயிட்' என்ற குணப்படுத்தும் சிறப்புப் பிரிவும் வந்து சேர்ந்தது. வாசல் வழியாக அனுப்பிய கவனிப்பு கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிட்டது. கடினமான காரியத்தைக் கூட்டமாகச் செய்யும் இடத்தில் யாராவது ஒருவர் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டுதான் ஆக வேண்டும். கேள்வி, அவர் எப்படி நடத்தப்படுகிறார் என்பதே.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வேறு வழியில் போயிற்று. முன்பெல்லாம் ஒரு ஹீலரைக் கண்டுபிடிக்க நகரச் சதுக்கத்தில் கூவ வேண்டும். கிடைத்த நல்ல ஹீலரின் பெயரைக் குறித்து வைப்பார்கள், பழகுவார்கள், அடுத்த வாரம் கூப்பிடுவார்கள். 2009 டிசம்பரில் குழுவைத் தானே சேர்த்துத் தரும் வசதி வந்தது. ஒரு டேங்க், ஒரு ஹீலர், மூன்று தாக்குபவர்கள். வெவ்வேறு வழங்கிகளிலிருந்து முன்பின் தெரியாத ஐந்து பேர். முடிந்ததும் கலைந்துவிடுவார்கள். பெயர்கூட நினைவிருக்காது. 2011 ஏப்ரலில் அடுத்த படி: எந்தப் பாத்திரத்துக்கு ஆள் பற்றாக்குறையோ அந்தப் பாத்திரத்தில் வருகிறவருக்குக் கூடுதல் பரிசு. உறவாக இருந்தது தட்டுப்பாடாகவும் தட்டுப்பாடு ஊக்கத்தொகையாகவும் ஆயிற்று. ஹீலருக்குக் கடைசியில் கூலி கிடைத்தது என்று மகிழலாமா? கூலி கிடைத்தது, சகா போய்விட்டார். பிடிக்கவில்லையென்றால் கறிவேப்பிலை போல எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஹீலரை வரவழைத்துக்கொள்ளலாம்.

9

இதையெல்லாம் ஏன் இந்தப் பக்கங்களில் எழுத வேண்டும்? இயக்கங்களில் இருக்கிறவர்கள், பத்திரிகை நடத்துகிறவர்கள்தான் இதை வாசிக்கிறீர்கள் என்பதால்தான். நம்முடைய எந்த அமைப்பிலும் இந்த மூன்று பாத்திரங்கள் உண்டு. தடியடி வாங்கி முன்னால் நிற்பவர், மேடையில் தாக்குபவர், பிறகு மூன்றாமவர். கைதானவரின் வீட்டுக்கு அரிசி கொண்டுபோனவர், மருத்துவமனையில் இரவு உட்கார்ந்திருந்தவர், கோபித்துக்கொண்டு போனவரிடம் நாலுதரம் பேசி அழைத்து வந்தவர். இயக்க வரலாறுகள் எழுதப்படும்போது முதல் இருவரின் அடிகள் எண்ணப்படுகின்றன. மூன்றாமவர் பெரும்பாலும் நன்றியுரையில் ஒரு வரி.

மூன்றாமவரைப் போற்றுவதால் மட்டும் இது சரியாகிவிடாது; போற்றுதலும் ஒரு வகை ஓய்வூதியம்தான். ஒளிக்கிணற்றின் வரலாறு வேறொன்றைக் கேட்கச் சொல்கிறது. காயம்பட்டவர் தன் காயத்தோடு கிணற்றடிக்கு வர எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறோம்? அப்படி வந்தவர் அந்தச் சில விநாடிகள் அடிக்காமல் நின்றதை, ஒதுங்கிப்போனதாகக் கணக்கில் எழுதுகிறோமா, போரின் பகுதியாக எழுதுகிறோமா? சோர்ந்துவிட்டேன், கொஞ்ச நாள் வரமுடியாது என்று ஒரு தோழர் கூட்டத்தில் எழுந்து சொன்னால் அங்கே என்ன நடக்கும்?

இதற்குப் பதில் சொல்லாமல் 'கிணத்துக்கு ஏன்டா வரல' என்று கத்துவதில் பயனில்லை. கிணறு நட்டவருக்கும் தெரியும், வராதவர்களுக்கும் தெரியும். ஆட்டத்தின் விதியை எழுதுகிறவர் வேறு யாரோ. நம் கூட்டங்களின் விதியையாவது நாமே எழுதுகிறோம் என்பதால் இந்தப் பேச்சை இங்கிருந்து தொடரலாம்.